எட்டு மணிச் சண்டை

காலை எட்டு மணிக்குக் கயிலைநாதன் தம் தங்கை கணவன் வைரவனின் மூக்கை உடைத்தார். எட்டரைக்கு இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

செவ்வாயின் செம்மணல் நகரில் இதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. மூன்றாம் கூரைக்குக் கீழிருந்த கைவினைக் கடைவீதியில் எல்லாரும் அப்படித்தான் கடை திறந்தார்கள். வாசனைச் சோப்பு செய்யும் அம்மையார் வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்துக் கடைப் பாய்க்காரரை மாடியிலிருந்து தள்ளினார். தோல்பை தைக்கும் சகோதரர்கள் ஒருவர் விரலை ஒருவர் ஒடித்துக்கொண்டார்கள். வீதிக் கோடியில் ஒட்டுநிலையம் இருந்தது. அங்கே தசைப்பசை தடவினால் கால் மணி நேரத்தில் எலும்பு கூடும், தோல் மூடும், தழும்புகூட மிஞ்சாது. வலி மட்டும் பழைய வலிதான். அதற்கு இன்னும் யாரும் பசை கண்டுபிடிக்கவில்லை.

கயிலைநாதனுக்கு அறுபத்திரண்டு வயது. சண்டைக்கு இறங்கும்போதுகூடக் கஞ்சி போட்ட சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். அடிப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். மூக்கு, உதடு, விலா எலும்பு, அவ்வளவுதான். கழுத்துக்கும் தலைக்கும் கை போகாது. 'ஆவுடையப்பன் காற்றுமணி' என்று வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையின் கீழ் நின்றுகொண்டு கண்டபடி அடிப்பது அவருக்கு இழுக்கு.

ஆவுடையப்பன் அவருடைய தகப்பனார். செம்மணலை உருக்கிக் கண்ணாடி மணி ஊதியவர். அந்த மணியைக் காற்றுக்குழாயின் வாயில் கட்டித் தொங்கவிட்டால் காற்று வந்துகொண்டிருக்கும்வரை ஒலிக்கும். மணி ஓய்ந்தால் காற்று ஓய்ந்தது என்று பொருள். குடியேற்றத்தின் இரண்டாம் ஆண்டில் நான்காம் சுரங்கத்தில் காற்று நின்றபோது, மணி ஓய்ந்ததை முதலில் கவனித்து, அறை அறையாக ஓடிக் கதவைத் தட்டி நாற்பது குடும்பங்களைக் காப்பாற்றியவர் அவர். நகரத்தின் பள்ளிப் பாடத்திலேயே அது இருந்தது. கயிலைநாதன் நிமிர்ந்து நடந்ததெல்லாம் அந்த ஒரு பாடத்தின் பலத்தில்தான்.

அப்படிப்பட்ட வீட்டுப்பிள்ளை தெருவில் கைகலப்பதற்குக் காரணம் காதுமதி. சிறு கைவினைக் கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் செம்புல வணிகக் கழகம் காதுமடலுக்குப் பின்னால் ஓர் அரிசியளவு கருவியைப் பதித்திருந்தது. வியாபாரத்தைப் பெருக்குவது எப்படி என்று அது நாள் முழுவதும் காதுக்குள் ஆலோசனை சொல்லும். அதற்குக் கைம்மாறாகக் கழகம் கேட்டது ஒன்றைத்தான். கடையைக் கண்ணில் அணிந்த விழிவில்லையில் பதிந்து, அழிக்காமல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு, அதாவது பார்வை எண், ஆண்டுக் கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு ஆயிரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. இருந்தால் பெயர்ப்பலகை இறக்கப்படும். இடம் வேறொருவருக்குப் போகும்.

'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்றது காதுமதி. கயிலைநாதன் நாற்பது குடும்பங்களின் கதையைச் சொன்னார். பதினொரு பேர் பார்த்தார்கள். 'செய்முறையைக் காட்டுங்கள்' என்றது. உலையின் முன் நின்று மணி ஊதிக் காட்டினார். மூன்று பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி அவருடைய தங்கை பூங்கோதை. பிறகொரு நாள், நடைபாதையை அடைத்து நின்றதற்காக எதிர்க்கடை வைரவனோடு நிஜமாகவே வாய்ச்சண்டை வந்து, சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போயிற்று. அறுநூறு பேர் பார்த்தார்கள். 'போட்டியாளரைக் கண்டடைந்துவிட்டீர்கள், வாழ்த்துகள்' என்றது காதுமதி.

அதிலிருந்து நான்கு ஆண்டுகளாகத் தினமும் எட்டு மணிச் சண்டை. வைரவன் மூச்சுமூடிகளில் ஓவியம் தீட்டி விற்பவன். கூரைக்கு வெளியே போகிறவர்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளும் மூடியில் மயிலும் மகரமும் எழுதுவான். கை நேர்த்தியில் கயிலைநாதனுக்குச் சளைத்தவன் இல்லை. இரு கடைகளுக்கும் கூட்டம் சேர்ந்தது. கூட்டம் பார்த்தது, பதிந்தது, போயிற்று.

இன்று ஆண்டின் கடைசி நாள். கயிலைநாதன் கடையின் பார்வை எண் தொள்ளாயிரத்து நாற்பதில் நின்றது.

"மூக்கெல்லாம் பழசாயிருச்சு மச்சான்" என்றான் வைரவன், புதிதாக ஒட்டிய மூக்கைத் தடவியபடி. "இன்னைக்குக் காலைல ஒருத்தன் கொட்டாவி விட்டுக்கிட்டே பாத்தான்."

"ஒழுங்கா விழத் தெரியணும் மாப்ளே. நீ விழுறது பஞ்சு மூட்டை மாதிரி இருக்கு."

"அடிக்கிறவங்களுக்கு அறுபது தாண்டிருச்சுன்னா விழுறவன் என்ன பண்ணுவான்?"

பூங்கோதை காபிக் குவளைகளை டங்கென்று வைத்தாள். "அடிச்சுக்கிட்டே சாவுங்க. மூஞ்சியைக் கழுவிட்டு வந்து சாப்பிடணும்னுகூடத் தோணாது. சட்டை பூரா ரத்தம்."

அவள் உள்ளே போனதும் வைரவன் குரலைத் தாழ்த்தினான். "சாயங்காலம் இன்னொரு சண்டை போட்ருவோம் மச்சான். நான் ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன சொல்லுவே?"

"அத இப்பச் சொல்லிட்டா அப்ப உங்க மூஞ்சில நிஜம் வராதாம். காதுமதி சொல்லுச்சு. போட்டியாளரோட குடும்பத்தைப் பத்தி ஓர் உண்மையைச் சொல்லணுமாம். ஒண்ணே ஒண்ணு."

கயிலைநாதன் சிரித்தார். "எங்க குடும்பத்துல மறைக்க என்னய்யா இருக்கு? தாராளமாச் சொல்லு."

இருவருக்கும் ஆலோசனை சொல்வது ஒரே காதுமதி என்பது அவருக்குத் தெரியும். அடியை வாங்குபவனுக்கு முறையும் அடிப்பவனுக்கு வழியும் அதுவே சொல்லிக்கொடுத்தது. அதில் தவறேதும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. புரோகிதர் இரு வீட்டுக்கும் ஒருவராக இருப்பதில்லையா?

மாலை ஐந்து மணிக்கு வீதி நிரம்பியிருந்தது. வைரவன் தன் கடை வாசலில் ஏறி நின்று தொடையைத் தட்டினான்.

"ஏ கிழவா! இறங்கி வாரும்! உம்ம மணி சத்தம் தாங்கல, காதுல ரத்தம் வருது!"

"மூஞ்சியில பொம்மை எழுதிப் பொழைக்கிற பயலே, பல்லு எத்தனை இருக்குன்னு எண்ணி வெச்சுக்கோ!"

கூட்டம் கைதட்டியது. கயிலைநாதன் உலையிலிருந்து ஊதுகுழலை எடுத்துக்கொண்டு இறங்கினார். மூன்றடி இரும்புக்குழாய். தோற்றத்துக்காக எடுப்பாரே தவிர அதனால் அடித்ததில்லை. இடக்கையால் வைரவனின் உதட்டைக் கிழித்தார். அவன் அவருடைய விலாவில் முழங்காலை ஏற்றினான். இருவரும் செம்மண்ணில் உருண்டு எழுந்தார்கள். பார்வை எண் தொள்ளாயிரத்து எழுபதாயிற்று.

அப்போது வைரவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து உரத்துச் சொன்னான்.

"நாலாம் சுரங்கத்துல கதவைத் தட்டினது யாருன்னு கேளுங்க! எங்கம்மா! மணி நின்னதும் முத ஆளா மூடியை மாட்டிக்கிட்டு ஓடினவரு இவரோட அப்பா! ஒரு கதவையும் தட்டலை! திரும்பிப் பாக்கவும் இல்லை!"

பொய்யாக இருந்திருந்தால் கயிலைநாதன் சிரித்திருப்பார். ஆனால் அவருடைய தாயார் கடைசிக் காய்ச்சலில் இதையேதான் பிதற்றினார். காய்ச்சலின் பேச்சு என்று அவர் நாற்பது ஆண்டுகளாக அதைப் புதைத்து வைத்திருந்தார். இப்போது வீதியில் நின்ற அத்தனை விழிவில்லைகளும் அதைப் பதிந்துகொண்டிருந்தன.

ஊதுகுழல் அவர் கையில் இருந்ததை அவர் மறந்திருந்தார். கை மறக்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்து எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. வைரவன் "மச்சான்" என்றான். இரண்டாவது அடியில் குழலின் முனையில் உறைந்திருந்த கண்ணாடி அவன் கழுத்தைப் பிளந்தது. மூன்றாவதற்காக ஓங்கிய கை, பீறிட்டு வந்த ரத்தம் தம் கஞ்சிச் சட்டையில் பட்ட சூட்டில்தான் நின்றது.

வைரவன் இந்த முறை பஞ்சு மூட்டை மாதிரி விழவில்லை. வெட்டிய மரம்போல விழுந்தான்.

வீதியில் கரவொலி எழுந்தது.

பூங்கோதை ஓடி வந்து சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கணவன் கழுத்தில் அழுத்தினாள். தலைப்பு நொடியில் சிவந்து நனைந்தது. "ஐயோ, நிஜமாவே வெட்டுப் பட்டுருச்சுங்க! இது நிஜம்! யாராச்சும் தூக்குங்களேன்!"

"அந்தம்மா நடிப்புப் பரவாயில்ல" என்றார் முன்வரிசையில் ஒருவர். "அழுகைதான் இன்னும் கொஞ்சம் வரணும்."

"ரத்தம் ரொம்ப ஜாஸ்தியாக் கொட்றாங்கப்பா. அங்கதான் பொய்னு தெரிஞ்சிருது" என்றார் இன்னொருவர்.

கயிலைநாதன் ஒட்டுநிலையத்தைக் கூப்பிட்டார். 'கடைவீதியிலிருந்து வரும் உயிர்காப்பு அழைப்புகள் விளம்பரமாகக் கருதப்படும். காயம்பட்டவரை நேரில் கொண்டுவரவும்' என்று பதில் வந்தது. கழுத்து நாளம் அறுந்தால் பத்து நிமிடத்துக்குள் பசை ஏற வேண்டும். நிலையம் இருநூறு அடி தூரத்தில் இருந்தது. செவ்வாயில் ஆளின் எடை பூமியில் உள்ளதில் பாதிகூட இல்லை. வைரவனை அவர் தனியாகவே தோளில் போட்டுக்கொண்டார். பூங்கோதை கழுத்தை அழுத்தியபடி கூடவே நடந்தாள். ஆனால் கூட்டம் அசையவில்லை. மாறாக, நன்றாகப் பார்க்க நெருங்கி வந்தது. அவர் இடப்புறம் திரும்பினால் இடப்புறம் அடைத்தது. கெஞ்சினார். "வசனம் புதுசு" என்றார்கள். முன்னால் நின்றவன் தாடையில் ஒரு குத்து விட்டார். அவன் மகிழ்ச்சியோடு விழுந்து, "என்னையும் சேத்துக்கிட்டாங்க!" என்று கூவினான்.

'பார்வை எண் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது' என்றது காதுமதி. 'அருமை. ஆறு மணிவரை இது இறங்காவிட்டால் பெயர்ப்பலகை இனிப் பத்தாண்டுக்கு உங்களுடையது. ஒரே ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில்தான் புதிய கடைக்காரர்கள் தவறு செய்வார்கள். எதையும் வாங்கச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பதிந்ததை அழித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.'

கயிலைநாதன் நின்றார். தலையைத் திருப்பிப் பலகையை ஒருமுறை பார்த்தார். பூங்கோதையின் விரலிடுக்கில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் பிறந்ததிலிருந்து, தம் சரக்கை வாங்கு என்று ஒரு மனிதனிடமும் கேட்டதில்லை. வாயைத் திறந்தார். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு, பழைய பூமியின் பேருந்து நிலையத்தில் நின்று விற்பவனைப் போல அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"மணி வாங்கலியோ மணி! கண்ணாடி மணி! அண்ணாச்சி, உங்களைத்தான்! ஒண்ணே ஒண்ணு எடுங்க! அம்மா, வீட்டுக்கு ஒரு மணி! எங்க போறீங்க, வெலையைக் கேட்டுட்டுப் போங்க!"

முன்வரிசைக்காரர் விழிவில்லையில் பதிந்ததை அழித்தார். "சும்மா பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்றார் அடுத்தவர். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி நகர்ந்தாள். ஆளுக்கொரு அவசர வேலை நினைவுக்கு வந்தது. கண்ணுக்குக் கண் படாமல், தரையைப் பார்த்தபடி, பதிந்ததை அழித்துக்கொண்டே, ஆறாயிரம் பார்வைக்குக் காரணமானவர்கள் சந்துகளுக்குள் வடிந்து மறைந்தார்கள். தாடையில் குத்து வாங்கியவன்கூட எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "அடுத்த மாசம் வர்றேங்க" என்று ஓடினான்.

அரை நிமிடத்தில் வீதி துடைத்து விட்டாற்போல் கிடந்தது. கயிலைநாதன் ஓடினார். தூக்குக் கூடையோடு ஒரு நடுத்தர வயதுப் பெண் மட்டும் பக்கத்திலேயே ஓடி வந்தாள்.

"ரெண்டா எடுத்தாக் கொறைப்பீங்களா?"

"சும்மாவே எடுத்துக்கோங்க! வழியை விடுங்க தாயி!"

அவள் சட்டென்று நின்றாள். "சும்மாவா? அப்ப அதுல ஏதோ கீறல் இருக்கு" என்று முணுமுணுத்துத் திரும்பிவிட்டாள்.

ஒன்பதாம் நிமிடத்தில் பசை ஏறியது. மருத்துவ எந்திரம் கழுத்தை மூடிவிட்டுத் தோளைக் கூட்டத் தொடங்கியது. வைரவனுக்கு மூச்சு சீரானதும் பூங்கோதை எழுந்து வந்து அண்ணன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அவர் வாங்கிக்கொண்டார்.

ஆறு மணிக்கு, 'பார்வை எண் பூச்சியம்' என்றது காதுமதி. சன்னல் வழியே பார்த்தால் கழகத்தின் எந்திரம் ஏணி வைத்து ஏறிப் பலகையின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. கயிலைநாதன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வைரவன் கண்ணைத் திறந்தான். குரல் கரகரத்தது.

"மச்சான்... கூவுனீங்களே. யாராச்சும் வாங்குனாங்களா?"

"இல்ல மாப்ளே."

"ஒருத்தர்கூடவா?"

"ஒரு அம்மா வெலை கேட்டா."

 வைரவன் பசை காயாத கழுத்தை மெல்லத் திருப்பி அவரைப் பார்த்தான்.

"நாலு வருசத்துல வெலை கேட்ட முத ஆளு அவதான் மச்சான். எந்தப் பக்கம் போனா?"