கட்டிலுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர்

ஹர்ஷினியும் ஆமினாவும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்தார்கள். அமீரகத்தின் அல் ஐன் நகரில் இருவர் வீடும் ஒரே கட்டடத்தில்தான். ஆமினாவின் சொந்த ஊர் கென்யாவில் உள்ள மொம்பாசா. அவளுடைய மாமா பிள்ளைகள் உடைந்த ரேடியோவைக்கூடப் பாட வைப்பார்களாம். அவர்களிடம் கம்ப்யூட்டர்தான் இல்லை. ஊர் திரும்பும்போது கொண்டுவருகிறேன் என்று ஆமினா சொல்லியிருந்தாள்.

கடைகளில் தூக்கிப்போட்ட பழைய பாகங்கள் கிடைத்துவிட்டன. இடம்தான் கிடைக்கவில்லை. ஹர்ஷினி வீட்டு ஹாலில் பரப்பினால் விருந்தாளிகள் வருவார்கள். ஆமினா வீட்டில் பரப்பினால் தம்பிகள் வருவார்கள். உடனே எல்லாவற்றையும் கழற்றி, பையில் அள்ளி, கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். மறுபடி எடுத்தால் ஏதாவது ஒரு ஸ்க்ரூ காணாமல் போயிருக்கும். வேலை செய்த நேரத்தைவிடத் தேடிய நேரம்தான் அதிகம்.

சரஸ்வதி பூஜை வந்தது. பாடப் புத்தகங்களோடு கம்ப்யூட்டர் பெட்டியையும் ஸ்க்ரூடிரைவரையும் ஹர்ஷினியே பூஜையில் வைத்தாள். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் என்று ஒரே அமர்க்களம்.

மாலையில் ஆமினா ஓடிவந்தாள். அடுத்த வாரம் மொம்பாசாவுக்கே குடிபோக இருந்த அவள் வீட்டார், இன்று இரவே கிளம்புகிறார்களாம்.

ஹர்ஷினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. வைத்ததும் அவளேதான், யாரைக் குறை சொல்வது? அம்மாவிடம் போய் நின்றாள்.

"படிப்பு வரணும்னுதானேம்மா சாமிகிட்ட வைக்கிறோம்? இது அங்க போனா நாலு பிள்ளைங்க கத்துக்குவாங்க. எடுத்துக்கட்டுமா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கற்பூரம் காட்டி, பூஜை முடிந்ததற்கு அடையாளமாகப் பெட்டியை மெல்ல வடக்கே நகர்த்தினாள்.

"எடுத்துக்கோ. சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா."

இருவரும் அவசர அவசரமாகப் பாகங்களை மாட்டினார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது. ஹர்ஷினி பெட்டியையும் திரையையும் போர்வையில் சுற்றிக் கொடுத்தாள்.

"போனதும் முதல்ல ஒரு ரூம் பிடி. யாரும் எடுத்து வைன்னு சொல்லாத ரூம்."

ஆமினா அழுதுகொண்டே தலையாட்டினாள்.

பொங்கல் சமயத்தில் ஈமெயிலில் ஒரு படம் வந்தது. ஆமினாவின் மாமாவுடைய, மூடிக்கிடந்த தையல் கடை. நடுவில் மேசை, சுற்றிலும் பிள்ளைகள். திரையில் வெளிச்சம், பெட்டியில் அழியாத குங்குமம். இந்த அறை இனி எப்போதும் அவர்களுக்குத்தானாம். நேற்று விட்ட இடத்திலேயே இன்று தொடங்குகிறார்களாம். இரண்டாவது கம்ப்யூட்டரும் பாதி முடிந்துவிட்டதாம்.

ஹர்ஷினிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் திரையில் முதல்முதலாக வெளிச்சம் வந்தபோது தான் பக்கத்தில் இல்லையே என்ற வருத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஹால் மூலையில் ஒரு சின்ன மேசை போட்டுக்கொள்ளட்டுமா, அதை யாரும் எடுக்காமல் இருப்பார்களா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"இவ்வளவுதானா? போட்டுக்கோ," என்றாள் அம்மா. "ஆமினா இருந்தப்பவே கேட்டிருக்கலாமேடி."

ஹர்ஷினியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.