ஏழாம் எண் ஒலிபெருக்கி

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பிலோமினாவுக்குக் கடலில் வேலை. அடியில் பதினோரு ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடம் அளவு. ஒவ்வொன்றாக நிறுத்தி, கயிறு கட்டிப் படகுக்கு ஏற்றி, ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டி, நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவி, மறுபடி இறக்க வேண்டும். படகோட்டி கஸ்மீர் சுவிட்சையும் கயிற்றையும் பார்த்துக்கொள்வார்.

"அண்ணாச்சி, ஏழாம் நம்பரை நிறுத்துங்க."

"நிறுத்தியாச்சு."

கீழே உள்ள ஒலியை அளக்கும் கருவி நீர்ச்செவி. ஒலிபெருக்கியை நிறுத்தினால் அதன் முள் விழ வேண்டும். விழவில்லை. சில மாதங்களாகவே அது முழுதாக இறங்குவதில்லை. கருவி பழசு என்று நினைத்திருந்தாள். இன்று அசையவே இல்லை.

"நெசமா நிறுத்திட்டீங்களா?"

"சொல்லுதேன்ல பிள்ள. நீயே வந்து பாரு."

ஏழாம் எண்ணை மேலே ஏற்றித் திறந்ததும் கருகல் வாடை அடித்தது. ரப்பர் வளையம் வெடித்திருந்தது. உள்ளே சுற்றியிருந்த செம்புக் காயிலின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தாள். எட்டு ஓம் காட்ட வேண்டிய இடத்தில் எதுவும் காட்டவில்லை. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு.

"இது செத்து மூணு வாரமாவது இருக்கும், அண்ணாச்சி."

"அப்ப சத்தம் எங்கேருந்து வருது?"

பக்கத்து ஒலிபெருக்கிகள் இரண்டையும் நிறுத்தச் சொன்னாள். முள் நின்ற இடத்திலேயே நின்றது. பிலோமினா ஹெட்போனை மாட்டினாள்.

2071இல் கடல் சூடேறி இங்கிருந்த பவளப்பாறைகள் வெளுத்துச் செத்தன. கான்கிரீட் பாறைகளை இறக்கியும் மீன் வரவில்லை. மீன்குஞ்சுகள் காதால் கேட்டுத்தான் வீடு தேடுகின்றன. ஊமைப் பாறைக்கு அவை வருவதில்லை. அதனால் உயிருள்ள ஒரு பாறையின் பழைய ஒலிப்பதிவை இரவும் பகலும் ஓடவிட்டார்கள். கூடவே ஒரு சட்டமும் வந்தது: ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் வலை கூடாது, அது தேவைப்படாத நாளில் அந்த இடம் மீன்பிடிக்க ஊருக்குத் திரும்பும். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த இரண்டாம் பாதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஹெட்போனில் கடுகு பொரிவது போன்ற ஒலி. ஒலிப்பதிவில் நாற்பத்தொரு நொடிக்கு ஒருமுறை ஓர் உறுமல் வரும். அவளுக்கு அது மனப்பாடம். கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தொன்று தாண்டியது. ஐம்பது. உறுமல் இல்லை. பிறகு, கதவை மூன்று முறை தட்டுவதைப் போல ஏதோ ஒன்று தட்டியது. பதிவில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

அவள் ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். "அண்ணாச்சி, இது நம்ம ரெக்கார்டு இல்ல."

கஸ்மீர் வாங்கிக் காதில் வைத்தார். "யாரு தட்டுதது?"

"மீனு. பாறை தானாப் பேச ஆரம்பிச்சிருச்சு."

அவர் ஒரு காலத்தில் இதே நீரில் வலை போட்டவர். ஹெட்போனைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை.

படகில் புது ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. பிலோமினா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இதை மாட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஏழாம் எண் இருக்கும் இடம் ஊருக்குத் திறக்காமல் பூட்டியபடியே இருக்கும்.

"மாட்டப் போறியா?"

"வலை வந்தா இந்தப் பாறை ஒரு மாசம்கூடத் தாங்காது, அண்ணாச்சி."

"எங்க ஆளுகள அவ்வளவு கொறச்சலாவா நெனைக்க?" அவர் குரலில் கோபம் இல்லை. "பத்தொம்பது வருசமா ஒருத்தனும் இங்க வலை போடல. அதையும் சேத்து ஆபீசுக்கு எழுது. பொறவு நடக்கத பாப்போம்."

அவள் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசல் ஒலிபெருக்கியில் பாறையின் ஒலியைப் போட்டாள். "கூட்டி வைங்க, கேக்கல" என்று கூட்டம் சத்தம் போட்டது. கூட்டியதும் ஒலி பிளந்தது, உடனே குறைத்தாள்.

"இதுக்கு மேல கூட்டினா காயில் கருகிரும். கிட்ட வந்து கேளுங்க."

இருநூறு பேர் நெருக்கியடித்து வந்து மூச்சை அடக்கி நின்றார்கள். அந்தத் தட்டல் வந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண், "நம்ம ஊருதா இது?" என்று கேட்டாள். அன்று மாலைக்குள் பேசி முடித்தார்கள்: வலை கிடையாது, தூண்டில் மட்டும். புது ஒலிபெருக்கி இன்னும் ஊமையாகக் கிடந்த தெற்குப் பாறைக்குப் போனது.

பத்து நாள் கழித்து, இடத்தைத் திறந்துவிடும் உத்தரவு வந்ததும், முப்பத்தாறு படகுகள் புறப்பட்டன. பிலோமினா கஸ்மீரின் படகில் இருந்தாள். எல்லை மிதவைக்கு வெகு முன்பே கஸ்மீர் இன்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்தார். பின்னால் ஒவ்வொரு இன்ஜினாக அடங்கியது. அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. எந்தச் சட்டத்திலும் அது இல்லை. தண்ணீரில் துடுப்பு விழும் ஓசை மட்டும் கேட்டது.

கஸ்மீர் தூண்டிலை இறக்கினார். சற்று நேரத்தில் தூண்டில் நரம்பு விறைத்தது.

"பிலோமி, பிடி பிள்ள, கனக்குது." சொல்லிக்கொண்டே படகின் நடுவில் முழங்காலிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அவரால் நிறுத்த முடியவில்லை.