முன்கூட்டிய நன்றி

"…லாசாலைச் சேர்ந்த அம்புறோஸ், இமெல்டா குடும்பத்தினர், தங்கள் மகள் ஜென்சிக்கு மருத்துவபீடத்தில் இடம் கிடைத்தமைக்காகப் புனித அந்தோனியார் வழியாக இறைவனுக்கு நன்றி கூறி இப்பூசையை ஒப்புக்கொடுக்கிறார்கள்."

கணீரென்ற குரல். கோயில் முழுக்கக் கேட்டது. ஐந்தாவது வரிசையில் இருந்த ஜென்சிக்குக் காதுமடல் சுட்டது. வெளியே இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் பெப்ரவரிப் பனி விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே அவளுக்கு வியர்த்தது. ஏனென்றால் அவளுக்கு எந்த மருத்துவபீடத்திலும் இடம் கிடைக்கவில்லை! நேர்முகத்துக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வந்திருந்தது… அவ்வளவுதான்.

திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இமெல்டா கண்ணை மூடிக்கொண்டு, செய்யவேண்டியதைச் செய்து முடித்த நிம்மதியில் இருந்தார். நன்றியை முதலே சொல்லிவிட்டால் அந்தோனியார் பின்வாங்கமாட்டார் என்பது அவருடைய கணக்கு. மன்னாரில் இருந்த காலத்தில் இருந்தே அப்படித்தான். விசா வர முதலே விசாவுக்கு நன்றிப் பூசை கொடுத்தவர் அவர்.

வாசித்து முடித்தவன் தலை நிமிர்ந்தான். வழமையாக வாசிப்பவர் பனியில் மாட்டிக்கொண்டதால் கடைசி நேரத்தில் பிடித்து ஏற்றப்பட்ட புதுமுகம். அந்தப் பெருமைக்குரிய ஜென்சி யார் என்று வரிசை வரிசையாகத் தேடின அவன் கண்கள்… சிவந்துபோன ஒரு முகத்தில் வந்து நின்றன. சிரித்தான். அந்தக் கண்களைத் தோண்டி எடுத்தால் என்ன என்று இவளுக்கு இருந்தது. ஆனால் நல்ல கண்கள்தான். அதுதான் இன்னும் கோபம்.

பூசை முடிந்து நிலவறையில் தேநீர். பாராட்டு மழை. அக்னெஸ் அன்ரி முழங்காலைக் காட்டி இப்போதே மருந்து கேட்டார். ஜென்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசித்தவனைத் தேடினாள். ஆள் போய்விட்டிருந்தான்.

மறுநாள் விடிகாலை. ஜென்சி கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர். மெட்ரோவில் இருந்து இறங்கி, தொப்பியில் பனி ஒட்ட ஓடிப்போய் பஸ்ஸில் ஏறி, பாஸைக் காட்ட நிமிர்ந்தால்…

அதே கண்கள். சாரதி ஆசனத்தில்!

பிரெஞ்சில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னவன், அவளை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்து, "வாழ்த்துக்கள், டொக்டர்" என்றான்.

"நான் டொக்டர் இல்லை. இடமும் கிடைக்கேல்லை. நேர்முகத்துக்குத்தான் கூப்பிட்டவை. ஒரு விசயத்தை ஊருக்கே வாசிக்க முதல் ஆரையும் கேக்க மாட்டீங்களோ?"

பாவம், அவன் திகைத்துப்போனான். பூசைக்கருத்து எழுதிக் கொடுக்கும் உறையில் இருந்ததை வாசித்ததைத் தவிர வேறு பாவம் அறியேன் என்றான். இந்த வழித்தடம் தனக்கு இன்றுதான் தொடங்குகிறது, முதல் நாளே பிரயாணியிடம் திட்டு வாங்குகிறேன் என்றான். பேர் றொக்சன். சிவப்பு விளக்கில் பஸ் நின்றதும் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப… வாற ஞாயிறு ஒரு திருத்தம் வாசிச்சு விடட்டே?"

ஜென்சி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளுடைய முதல் பட்டத்தின் சராசரி நாலுக்கு இரண்டு தசம் ஏழு. அதை வைத்துக்கொண்டு மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிப்பதா என்று ஆலோசகர் முதல் அயலட்டை வரை சிரித்தாயிற்று. இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. வேலை முடிந்த மாலைகளில் விஞ்ஞான பாடங்களைத் திரும்பவும் எடுத்து, ஒன்றுவிடாமல் முதல்தரம் வாங்கி, நுழைவுப் பரீட்சையை இன்னொருமுறை எழுதி… மூன்றாவது தடவைதான் இந்தக் கடிதம் வந்தது. இதுவும் போனால் இனி விண்ணப்பிப்பதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

"வேண்டாம்" என்றாள். "வாசிச்சது வாசிச்சதாவே இருக்கட்டும். நான் அதை உண்மையாக்கிறன்."

அவன் அவளைப் பார்த்தான். விளக்குப் பச்சையானது. பஸ் அசையவில்லை. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் அவனுக்குத் தான் சாரதி என்ற நினைவு வந்தது.

அதன் பிறகு சாரதிக்குப் பக்கத்து முன்னிருக்கை அவளுடையதாயிற்று. ஓடும்போது கதைக்கக் கூடாது என்பது சட்டம். சிவப்பு விளக்குகளைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லையே! ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு கேள்வி என்று நேர்முகப் பயிற்சி நடந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாச் சந்தியிலும் சிவப்பு விழவேண்டும் என்று ஒரு பஸ் சாரதி ஆசைப்பட்டான். 'நீங்கள்' எப்போது 'நீர்' ஆனது என்று இருவருக்கும் தெரியாது.

ஒருநாள் அந்தக் கேள்வியைக் கேட்டான். புள்ளிகள் ஏன் குறைந்தன?

அவள் பாடமாக்கியதை ஒப்புவித்தாள். அப்பா தொழிற்சாலையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்தது, அவள் மாலையில் தோனட் கடையில் நின்று உழைத்தது, பரீட்சை மண்டபத்தில் நித்திரையானது…

"அது இரண்டாம் வருசம் எண்டு சொன்னீர். முதலாம் வருசமும் குறைவுதானே? அப்ப அப்பா நல்லாத்தானே இருந்தவர்?"

ஜென்சி மணியை அடித்தாள். ஒரு தரிப்பு முந்தியே இறங்கிக்கொண்டாள். இல்லத்துக்கு நடந்துபோகும்போது அழுகை வந்தது. ஆனால் அவன் கேட்டது சரி என்பதும் தெரிந்தது.

மார்ச்சில் நேர்முகம். எதிரே மூன்று பேர். அதே கேள்வி வந்தது. ஜென்சி முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: முதலாம் வருடம் விளங்காததைக் கேட்க வெட்கப்பட்டேன், அது என் பிழை. இரண்டாம் வருடம் அப்பா விழுந்தார், அது என் பிழை அல்ல. இரண்டுக்கும் புள்ளி ஒரே மாதிரித்தான் குறைந்தது. இப்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கப் பழகிவிட்டேன், வைத்தியருக்கு அது தேவை என்று நினைக்கிறேன். வெளியே வந்தபோது அவளுக்குத் தன்னைப் பற்றியே பெருமையாக இருந்தது. இடம் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. இதை றொக்சனிடம் சொல்லவேண்டும் என்று மனம் துள்ளியது.

வீட்டுக்கு வந்தால் அம்மா தொலைபேசியை அணைத்தபடி நிற்கிறார். கர்க்லாண்ட் மாக்கிரட் என்று ஒருவர் கதைத்தாராம். "டொக்டர்ப் பிள்ளை"யைத் தன் மகனுக்குக் கேட்கிறாராம். பெடியன் பஸ் ஓடுகிறானாம், பேர் றொக்சன்.

ஜென்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அறிவித்தல் பொய் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தாயை அனுப்பினானா? அடுத்தநாள் முன்னிருக்கையில் அவள் உட்காரவில்லை.

"டொக்டரைத்தானே கேட்டு விட்டனீங்கள்? நான் இன்னும் டொக்டர் இல்லை எண்டு உங்கட அம்மாவுக்குச் சொல்லேல்லையோ?"

அவனுக்கு அந்தத் தொலைபேசி அழைப்பே தெரியாது. முகம் வெளுத்ததைப் பார்த்தாலே புரிந்திருக்கும். ஆனால் இவள் பார்த்தால்தானே! கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வாரமே அவன் வழித்தடத்தை வேறு ஒருவரோடு மாற்றிக்கொண்டு இல்-பிசார்த் தீவுப் பக்கம் ஓடப்போய்விட்டான். முன்னிருக்கை வெறுமையாக வந்துபோனது… மாக்கிரட் மகனுக்குச் சொல்லாமலே கேட்டவர் என்று பிறகு தெரியவர, அதைப் பார்க்கப் பார்க்கத் தன் அவசரப்புத்தி அவளைக் குத்தியது.

ஏப்ரலில் பதில் வந்தது. காத்திருப்போர் பட்டியல்.

கோயிலில் கேட்பவர்களுக்கு அவள் தலை குனியாமல் சொன்னாள்: "இன்னும் கிடைக்கேல்லை அன்ரி. பட்டியலிலை நிக்கிறன்." அக்னெஸ் அன்ரி முழங்காலை மூடிக்கொண்டார். அம்மாவுக்கு மட்டும் ஒரு சஞ்சலமும் இல்லை.

ஜூன் கடைசிக் கிழமை. இல்லத்தில் ஒரு மூதாட்டிக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அதிர்ந்தது. ஓரிடம் காலியாகியிருக்கிறது, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று ஒரு பெண்குரல். ஜென்சி ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னாள். சூப் ஆறுவதற்குள் திரும்பிவந்து மிச்சத்தை ஊட்டினாள்.

அப்பா தடியை ஊன்றி எழும்பி நின்று, அவள் தலையில் கை வைத்தார். இரண்டு தசம் ஏழு… அந்த வீட்டில் இனி அது வெட்கப்படும் எண் இல்லை.

ஞாயிறு கோயில் வாசலில் றொக்சன் நின்றான். இப்போது அவன்தான் நிரந்தர வாசிப்பாளன். ஜென்சி நேரே போய், அன்றைக்கு நான் கதைத்தது பிழை, மன்னிக்கவேண்டும் என்றாள். அவன் மனமாரச் சிரித்து வாழ்த்தினான். ஆனால் வந்த வார்த்தை 'நீங்கள்'. அது சுருக்கென்றது.

"பழையபடி கதைக்க மாட்டீரோ?"

"டொக்டரைக் கேட்டு வந்தவன் எண்டு அண்டைக்குச் சொன்னீங்கள். அண்டைக்கு அது பொய். இப்ப வந்து கேட்டனெண்டால்… அது உண்மையாப் போயிடும். நான் கேக்க மாட்டன், ஜென்சி."

சட்டென்று உள்ளே போய்விட்டான். சிவப்பு விளக்கில் தன்னைப் பார்த்த அதே கண்கள் கலங்கியிருந்ததை அவள் கண்டாள். இந்த ஆள் தன்மானக்காரன். தன்னைப் போலவே. அப்படியென்றால் கேட்கவேண்டியது யார்?

அடுத்த ஞாயிறு. இமெல்டா வழமைபோல் கருத்து உறையை எடுக்க, ஜென்சி அதை வாங்கித் தானே எழுதி ஒட்டினாள்.

றொக்சன் ஒவ்வொரு உறையாக வாசித்துக்கொண்டு வந்தான். முன்னரே பார்த்துவைக்கும் பழக்கம் இன்னமும் இல்லை.

"லாசாலைச் சேர்ந்த ஜென்சி… மருத்துவபீடத்தில் இடம் கிடைத்தமைக்காகவும்… வேலைக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்குகளில், உண்மையைப் பேசத் தன்னைப் பழக்கிய ஒருவர்… தன்னை மணந்துகொள்ளச் சம்மதித்தமைக்காகவும்…"

குரல் நின்றது. அம்புறோஸ் மகளைப் பார்த்தார். இமெல்டாவோ, தன்னுடைய வழிமுறை பிள்ளைக்கும் வந்துவிட்டதே என்ற பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். றொக்சன் மெல்லத் தலை தூக்கி ஐந்தாவது வரிசையைத் தேடினான். அவள் குனியவில்லை.

"…இறைவனுக்கு முன்கூட்டியே நன்றி கூறி இப்பூசையை ஒப்புக்கொடுக்கிறார்."

உறையை மடித்தான். அடுத்ததை எடுக்கப்போனவன் ஒலிவாங்கிக்குத் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணீரென்று சொன்னான்.

"இந்த அறிவித்தலிலை திருத்தம் ஒண்டும் இல்லை."