ஆமை அண்ணனின் பதினொரு வரிகள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நல்ல மழை. பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரே அறை, ஆறு மேஜைகள். மூலையில் காலியாகக் கிடந்ததை எனக்குக் கொடுத்தார்கள். இழுப்பறையைத் திறந்ததும் தலைவலித் தைலத்தின் வாசனை மூக்கில் ஏறியது. யாரோ நேற்றுவரை உட்கார்ந்திருந்தது போல.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. நர்ஸ் குழந்தையின் எடையைப் பதிவு செய்வார். எவ்வளவு மருந்து என்று எங்கள் புரோகிராம் சொல்லும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் டீயோடு உட்கார்ந்து, தாங்கள் கண்ட மோசமான புரோகிராம்களைப் பற்றிக் கதை சொல்வார்கள். 'குப்பைக் கதை' என்று பெயர்.

"சர்வர் ஏன் தினமும் மத்தியானம் சாகுதுன்னு ஒரு மாசம் மண்டையைப் பிச்சுக்கிட்டோம்க்கா," என்றான் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் பையன். எங்களில் இளையவன், குறும்புக்காரன். "கடைசியில பார்த்தா, ஆபீஸைக் கூட்டிப் பெருக்க வர்றவரு அதோட பிளக்கைப் பிடுங்கிட்டு செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருக்காரு!"

வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு பேச்சு முன்பு அங்கே வேலை பார்த்த ஆமை அண்ணனிடம் போனது.

"பதினொரு வரி," என்றான் வாயாடி. "எடையைப் போட்டா மூணு நொடி சும்மா நிக்கும். அப்புறம், 'அம்மா, எடையை இன்னொரு தடவை பாருங்க'ன்னு கேட்கும். கம்ப்யூட்டர் கெஞ்சி எங்கயாவது பார்த்திருக்கீங்களா? ஆளும் ஆமை, எழுதினதும் ஆமை!"

நானும் சிரித்தேன். ஆண்டவன் என்னை மன்னிக்கட்டும்.

"அவர் இப்போ எங்க இருக்கார்?"

சிரிப்பு நின்றது.

"தவறிட்டாரு. ரெண்டு வருஷமாச்சு," என்றார் எங்கள் டீம் லீடர். "புரோகிராம் மெதுவா ஓடுதுன்னு ஆஸ்பத்திரியில புகார். அந்த வரிகளை நீ எடுத்துடும்மா. அடுத்த வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் போகணும்."

திங்களன்று அழித்தேன். செவ்வாய் காலை அவை இருந்த இடத்திலேயே இருந்தன. யார் திரும்பச் சேர்த்தது என்று பார்க்க மாற்றங்களின் பதிவைத் திறந்தேன். ஆமை அண்ணனின் பெயர். இரண்டு வருடமாக மூடிக் கிடக்கும் கணக்கு.

"என்ன தம்பி, புது ஆளுன்னு விளையாட்டா?"

"சத்தியமா நான் இல்லக்கா." சொன்ன வாயாடி என் கண்ணைப் பார்க்கவில்லை.

புதனன்று பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அழித்தேன். வியாழன் காலை வரிகள் மீண்டும் இருந்தன. அடியில் புதிதாக ஒரு குறிப்பு: 'நர்ஸ் களைத்திருப்பார்.'

எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. நான் நிமிர்ந்தால் விசைப்பலகைச் சத்தங்கள் நின்றன. திரைக்கு மேலே லீடரின் கண்கள் என்னையே கவனித்தன. யாரையும் கேட்காமல் மூன்றாம் முறை அழித்தேன்.

வெள்ளி மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நான் மட்டும் இருந்தேன். வரிகள் திரும்ப வரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தேன்.

தைல வாசனை.

என் முதுகுக்குப் பின்னால், மாடி ஏறி வந்தவர் மூச்சு வாங்குவது போன்ற சத்தம்.

திரையில் ஓர் எழுத்து விழுந்தது.

இன்னொன்று.

அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக.

திரும்பினேன். யாரும் இல்லை.

படிக்கட்டில் வந்துகொண்டிருந்த லீடரை இழுத்து வந்து காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"இதை அவர் எதுக்கு சார் எழுதினார்?"

"ஒரு நர்ஸ் எட்டு கிலோ குழந்தைக்கு எண்பதுன்னு அடிச்சுட்டாங்க," குரல் கிசுகிசுப்பாக வந்தது. "கடைசி நேரத்துல யாரோ பார்த்ததால பிழைச்சுது. அதைக் கேட்டுட்டு பதினொரு நாள் உட்கார்ந்து எழுதினாரு. நாங்க அதைக் குப்பைக் கதையாக்கிட்டோம். அவர் முன்னாடியே. டீயைக் குடிக்காம எழுந்து போனாரு. மறுநாள் வரல. தூக்கத்துலயே போயிட்டாராம்."

யாரோ களைத்த ஒரு பெண்ணுக்காக மூன்று நொடி காத்திருந்த மனிதர். அந்தக் கருணைக்கு நாங்கள் வைத்த பெயர் குப்பை.

"வரிகள் இருக்கட்டும் சார்."

"லேட்டும்மா. அது இல்லாத வெர்ஷனைக் காலையிலயே அனுப்பிட்டேன். வார்டுல இப்போ அதுதான் ஓடுது."

"உடனே நிறுத்தச் சொல்லுங்க!"

அவர் கை நீட்டும் முன்பே போன் அடித்தது. அந்த அறையில் இருந்தது அந்த ஒரே போன்தான். எடுத்தேன்.

"மேடம், குழந்தைங்க வார்டு நர்ஸ் பேசறேன், என் செல்போன்ல இருந்து." பெண் குரல் நடுங்கியது. "உங்க ஆபீஸ் பெரியவருக்கு நன்றி சொல்லணும். மருந்தை ஏத்தப் போற நேரம் வார்டு போன் அடிச்சுது. 'அம்மா, எடையை இன்னொரு தடவை பாருங்க'ன்னாரு. பார்த்தா எட்டரைக்கு எண்பத்தஞ்சுன்னு அடிச்சிருக்கேன். நல்லவேளை, ஏத்தல. குழந்தை தூங்கிட்டிருக்கு."

"எந்த... எந்த நம்பர்ல இருந்து பேசினார்?"

"உங்க நம்பர்தான். இப்போ நீங்க பேசறீங்களே, இதேதான்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வச்சுட்டாரா?"

"இல்ல மேடம். 'மத்தக் குழந்தைங்களுக்கும் பார்த்துட்டு வாங்கம்மா, நான் காத்திருக்கேன்'னு சொன்னாரு. இன்னும் லைன்லதான் இருக்காரு. பேசறீங்களா?"