வலது மூலைச் சட்டை

அந்தச் சிவப்பு கிளிப் அங்கே இருக்கக் கூடாது.

அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடி பார்த்தாள். பசை நாற்றமும் பழைய பீரோ வாசனையும் மண்டிக் கிடந்த ஸ்டூடியோவில், ஜன்னல் வெயில் சாய்ந்து விழுந்த ஆறடி கேன்வாஸின் வலது மூலையில், சட்டைக் காலருக்கு மேலே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. காலை எட்டேகாலுக்கு அவளே மகளின் தலையில் குத்தி அனுப்பிய கிளிப்.

இறந்தவர்களின் வீட்டைக் காலி செய்யும்போது வெளியே வரும் துணி, கடிதம், பல்செட் எல்லாவற்றையும் ஒட்டி, வெள்ளைப் பூச்சு பூசி, சுரண்டி, மேலே மறுபடி ஒட்டித்தான் பன்னிரண்டு வருடங்களில் பெயர் வாங்கியிருந்தாள். உயிரோடு இருப்பவர் பொருளைத் தொடமாட்டேன் என்று பேட்டிக்குப் பேட்டி சொல்வாள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்தில் முதல் தனிக் கண்காட்சி. போன வாரம் இந்த மூலை மட்டும் வெறிச்சென்று நின்றது. அவசரத்தில், மகளுக்குச் சிறுத்துப்போன பள்ளிச் சட்டையை ஒட்டிப் பூசிவிட்டாள். வீட்டில் மூச்சுவிடவில்லை.

கணவன் கண்டுபிடித்திருப்பான். இன்னொரு சாவி அவனிடம்தான் இருக்கிறது. நேராகக் கேட்காமல் பூச்சாண்டி காட்டுகிறான். கோபம் பொத்துக்கொண்டு வர, போன் போட்டாள்.

"ஸ்டூடியோவுக்கு வந்தீங்களா?"

"செத்தவங்க சாமான் நடுவுல எனக்கென்ன வேலை? ஸ்கூல் வாசல்ல நிக்கிறேன். உன் வாலு ஐஸ் கேட்டு உயிரை வாங்குறா."

"அவ தலையில கிளிப் இருக்கா?"

"இங்க திரும்பு," என்று அவன் மகளிடம் சொல்வது கேட்டது.

"இல்லையே. எங்கயாவது தொலைச்சிருப்பா. ஏன்?"

நடிக்கிறான். அந்த 'ஏன்' ஒன்றே போதும். வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டுக் கிளிப்பைப் பிடுங்கினாள்.

வரவில்லை. நகம் வழுக்கியது. கிளிப்பின் மேல் வெள்ளைப் பூச்சு மெல்லிசாக ஓடியிருந்தது. போன வாரம் அவள் பூசிய அதே பூச்சு. காய இரண்டு நாள் ஆகும்.

இன்று காலை கிளிப் மகளின் தலையில் இருந்தது.

பிளேடை எடுத்தாள். பூச்சு பொரிந்து உதிர்ந்தது. கிளிப்போடு முடி வந்தது. வேரோடு.

அப்போதுதான் சட்டையின் கையைக் கவனித்தாள். அப்பளமாகத் தட்டி ஒட்டிய கை. இப்போது உப்பியிருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வேண்டாம் என்று மனம் அடித்துக்கொண்டது. கை நிற்கவில்லை. பிளேடு. துணி. பூச்சு.

ஒரு விரல். இரண்டு. சின்ன மணிக்கட்டு. அதில் நீலப் பேனாவால் வரைந்த வாட்ச். மணி எட்டேகால். மகள் அடம்பிடித்ததால் காலையில் அவளே வரைந்தது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"அம்மா! அப்பா ஐஸே வாங்கித் தரல!"

மகள் நின்றாள். கணவன் புத்தகப்பையைத் தோளில் மாட்டியிருந்தான்.

"வாலு," கேன்வாஸிலிருந்து கையை எடுக்காமலே கூப்பிட்டாள். "அந்த வாட்சைக் காட்டுடா செல்லம்."

"அப்பா கையைப் புடிச்சிருக்காரே!"

கணவன் சிரித்தபடி பிடித்த பிடியைத் தூக்கிக் காட்டினான். அவன் விரல்களுக்குள் மகளின் வெறும் சட்டைக்கை தொங்கியது.

அவன் இன்னும் பார்க்கவில்லை.

கேன்வாஸில் அந்தச் சின்ன விரல்கள், சாலையைக் கடக்கும்போது பிடிப்பது போல, அவள் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்தன.