மத்தியான நாற்காலி

தங்கை ஊருக்குப் போயிருந்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அக்காதான் விடாமல் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். செடியின் மேல் பாசம் ஒன்றும் இல்லை. வீட்டைக் குடைய ஒரு சாக்கு.

தங்கை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். தனியாக இருக்கிறாள். "பாவம், ஒண்டிக்கட்டை" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பாவப்பட்டவளோ வருஷத்துக்கு வருஷம் மினுமினுத்தாள்.

மூன்றாவது மாடி. செருப்பை வாசலில் விட்டுக் கதவைத் திறந்ததும் அமைதி வந்து முகத்தில் மோதியது. ஜன்னலோரம் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. ஃப்ரிட்ஜில் பாதி தின்ற சாக்லேட், பாதியாகவே இருந்தது. அக்கா வீட்டில் கணவன், மாமனார், மாமியார், இரண்டு மகன்கள், ஒரு வாரம் தங்க வந்து இரண்டு வருஷமாகத் தங்கியிருக்கும் கொழுந்தன். அங்கே சாக்லேட்டுக்கு ஆயுசு பத்து நிமிஷம்.

வயிறு எரிந்தது. நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள். அடடா, என்ன சுகம்.

அப்போதுதான் பக்கத்துச் சமையல் மேடையில் அதைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்த கப். எட்டித் தொட்டாள். சூடாக இருந்தது.

பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. உடனே போன் போட்டாள்.

"தனியா இருக்கேன் தனியா இருக்கேன்னு பீத்திக்கிட்டியே, இங்க கப்பு சூடா இருக்கு, யாருடி அது?"



"கப்பு மேல ஸ்பூன் இருக்காக்கா?"

இருந்தது. குறுக்கே, நேராக. அப்படி வைப்பது குடும்பத்திலேயே அக்கா ஒருத்திதான். அதற்காக அவளைக் கேலி செய்யாதவர் கிடையாது.

"ஒரு வருஷமா மத்தியானத்துல வருதுக்கா. நாற்காலி நகரும். உன் தலைவலித் தைலம் வாசனை வரும். முதல்ல பயந்தேன். அப்புறம் அந்தப் பெருமூச்சு. நம்ம குடும்பத்துல அப்படிப் பெருமூச்சு விட வேற யாரு இருக்கா? மாமாவுக்குப் போன் பண்ணா, நீ வீட்டுல தூங்குறேம்பார்."

"உளறாதடி."

"சரி, உளறல்தான். கிளம்பிடு. அந்த நாற்காலில மட்டும் உக்காந்துராத."

அக்கா போனை மெல்லக் கீழே வைத்தாள்.

தைல வாசனை.

முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நீளமாக, அலுத்துப்போய். பழகிய பெருமூச்சு.

கதவு சாத்தும் சத்தம். பிறகு படியில் செருப்புச் சத்தம், சரக், சரக் என்று, வார் தளர்ந்த இடது செருப்போடு.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். செருப்பு இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"நான்தாங்க பேசுறேன். உடனே வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"ஹலோ? யாருங்க? ஒண்ணும் கேக்கலையே," என்றான் கணவன். பின்னால் மகன்களின் சிரிப்பு. அதற்கும் பின்னால், கணீரென்று அவளுடைய குரலே கேட்டது. "போன வெச்சுட்டு வாங்க, டீ ஆறுது."

தங்கை ஊரிலிருந்து திரும்பியபோது நாற்காலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. செடிகள் வாடியிருந்தன.

"இங்கதான்டி இருக்கேன்," என்று அக்கா அலறினாள்.

தங்கை காதில் விழுந்தது ஒரு பெருமூச்சு. அதற்குள் போன் அடித்தது.

"வந்துட்டியாடி?" அக்காவின் குரல்தான், அதில் அப்படி ஒரு மலர்ச்சி. "இப்பல்லாம் எனக்குத் தலைவலியே இல்ல. வீடு நிறைய ஆளு, ஒரே சிரிப்பு. நீதான் பாவம், ஒண்டிக்கட்டை."

"நீ நல்லா இருந்தா சரிக்கா," என்று சொல்லிக்கொண்டே தங்கை கப்பை நிமிர்த்தி வைத்தாள். வாசனை போக ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

நாற்காலியில் இருந்தவளுக்கு வயிறு எரிந்தது. எரிவதற்கு மட்டும்தான் இன்னும் வயிறு மிச்சமிருந்தது.

தங்கை திரும்பிப் பார்த்தாள். கப் மறுபடி கவிழ்ந்திருந்தது. அதன் மேல், குறுக்கே, ஸ்பூன்.