ஆரணியின் செருப்பு

சாமி விளக்கை ஏற்றிவிட்டு, படிக்கட்டு லைட்டைப் போடலாம் என்று கதவைத் திறந்தபோதுதான் உஷாந்தி அந்தச் செருப்பைக் கண்டாள். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நாலாம் மாடி. எதிர்வீட்டு நேசம் அக்கா தன் மகளைப் பார்க்கப் போயிருந்தார். ஆகவே வாசலில் கிடக்க வேண்டியது அவளுடைய செருப்பும் மகள் ஆரணியின் புதுச் செருப்பும் மட்டும்தான். நடுவில் மூன்றாவதாக ஒரு சோடி, மூக்கு வீட்டைப் பார்த்தபடி. ரோஸ் நிறம், அறுந்த வாரைக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. தைத்தவள் அவளேதான். அடியில் செம்மண் அப்பியிருந்தது.

அந்தச் செருப்பு தற்செயலாகத் தொலைந்ததல்ல. போன கிழமை அநுராதபுரத்தில் அவளே வேண்டுமென்று தொலைத்துவிட்டு வந்தது.

ஆரணிக்கு ஏழு வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்து மூச்சிழுப்பு. களுபோவில ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்ட்டில் எந்தக் கட்டில் ஆடும், எது ஆடாது என்பதுகூட உஷாந்திக்கு அத்துப்படி. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். பிறகு தோள் இரண்டும் ஏறி இறங்கும். பிறகு பேச்சு அறுந்துபோகும். அதற்குள் வாயில் மருந்துப் பம்ப் அடித்துவிட வேண்டும். சாதகம் பார்த்தவர் சனி என்றார். பரிகாரம் சொன்னது நேசம் அக்கா: கோயிலில் செருப்புத் தொலைந்தால், காலைப் பிடித்த சனியும் அதோடு போய்விடும். இதை நம்பாத சனம் எங்கே இருக்கிறது? புதுச் செருப்பைப் பறிகொடுத்தவன்கூட, சனி துலைஞ்சுது என்று சிரித்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறுவான். ஆனால் தெரிந்த கோயில்களில் செருப்புப் பார்க்கிறவர் துண்டு கொடுத்து, கவனமாகத் திருப்பியும் தந்துவிடுகிறார். மனிதர் நல்லவராக இருந்தாலும் தொல்லைதான்.

பள்ளி விடுமுறைக்கு அநுராதபுரம் கூட்டிப்போவதாகக் கணவன் சாரங்கன் சொன்னபோது உஷாந்தி மனதுக்குள் முடிவுகட்டிவிட்டாள். வெள்ளைத் தாதுகோபங்களைக் கும்பிட்டாள், வெள்ளரச மரத்தைக் கும்பிட்டாள். எந்தச் சாமியானால் என்ன, பிள்ளைக்கு மூச்சு வந்தால் போதும். மத்தியானம் சனமேயில்லாத ஓர் இடிந்த விகாரைக்கு வந்தார்கள். கூரையில்லை, கல்தூண்கள் மட்டும் நெருக்கமாக நின்றன. சாரங்கன் தண்ணீர் எடுக்க, வந்த வான் வண்டிக்குப் போயிருந்தான். ஆரணி படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, இழுக்கிற மூச்சோடு தூண்களுக்குள் ஓடினாள். உஷாந்தி செருப்பை எடுத்து ஒரு கல்லின் பின்னால் ஒளித்துவைத்தாள். நோயோடு இருக்கிறது இங்கேயே நிற்கட்டும், சுகமான பிள்ளை என்னோடு வரட்டும் என்று கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அங்கே சிலை எதுவும் இருக்கவில்லை.

கூப்பிட்டதும் ஆரணி வேறு பக்கத்தால் வந்தாள். கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு வான் வரைக்கும் நடந்தாள், ஒரு சிணுக்கம் இல்லை. அன்றோடு இழுப்பும் நின்றது. ஐஸ்கிறீம் சாப்பிடுகிறாள், ஃபேனுக்கு நேர்கீழே படுக்கிறாள், சத்தமேயில்லாமல் தூங்குகிறாள். பரிகாரம் பலித்த சந்தோஷத்தில் உஷாந்தி நேசம் அக்காவுக்கு ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது செருப்பு வாசலில் கிடந்தது. சாரங்கனுக்குப் போன் எடுத்தாள். அவன் பம்பலப்பிட்டியில் நெரிசலுக்குள் நின்றான். யாரோ வீட்டுப் பிள்ளையுடையதாக இருக்கும், அப்படியே விட்டுவிடு என்றான். அவள் விளக்குமாற்றுக் கட்டையால் செருப்பைத் தள்ளினாள். அது படிப்படியாக உருண்டு கீழ்மாடி இருட்டுக்குள் போனது. கதவைப் பூட்டித் தாழ்ப்பாளும் போட்டாள்.

கீழ்வீட்டில் யாரோ கடுகு தாளித்தார்கள். கடலோரத்தால் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போக, யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து, அந்த அதிர்வும் அடங்கி, ஈரக்காற்றில் உப்பு வாசமும் திரி கருகும் வாசமும் கலந்து நின்ற வேளையில், படிக்கட்டில் சரக், சரக் என்று ஒரு சத்தம் ஏறிவரத் தொடங்கியது. ஒரு கால் சரியாக வைத்தது. மற்றது இழுபட்டது. வார் தளர்ந்த செருப்பு அப்படித்தான் நடக்கும். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. நின்று மூச்சு வாங்கியது. பிறகும் ஏறியது.

கதவடியில் நின்றது.

விசில் சத்தம்.

"அம்மா, நான்தான். கனதூரம் நடந்தனான்."

சனி திரும்பி வந்துவிட்டது. பிள்ளையின் குரலையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஹோலில் படம் கீறிக்கொண்டிருந்த ஆரணி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். உஷாந்தி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"திறக்காதேங்கோ அம்மா," என்றாள் ஆரணி, ஆறுதலாக. "அது உள்ளுக்கு வந்தா எனக்குத் திரும்ப இழுப்பு வருத்தம் வந்திடும்."

வெளியே தோள்கள் கதவில் உரசின. ஏறின. இறங்கின. ஏறின. அந்தக் கணக்கு உஷாந்திக்குத் தெரியும். எத்தனையோ இரவு அந்தத் தோள்களைப் பிடித்துக்கொண்டு இருந்தவள். கை தன்பாட்டில் போய்க் கதவடிப் பிரிஜ்ஜின் மேலிருந்த பம்பை எடுத்துவந்தது. மற்றக் கை, பிள்ளையைச் சுற்றியபடியே, தாழ்ப்பாளில்.

"அம்மா... பம்..."

பேச்சு அறுந்தது.

அவள் திறக்கவில்லை. பிள்ளைக்காகத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். விசில் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. ஏதோ ஒன்று கதவோடு சரிந்து நிலத்தில் இருந்தது. பிறகு ஒன்றுமில்லை.

போய்விட்டது. கடவுளே, போய்விட்டது. உஷாந்தி விம்மிக்கொண்டு மகளின் நெஞ்சில் முகத்தைப் புதைத்தாள். அந்த நெஞ்சின் சுகமான மூச்சைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. காதை வைத்தாள். கேட்கவில்லை. அழுத்தி வைத்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. துடிப்பும் இல்லை. சுவரில் காதை வைத்த மாதிரி.

எப்போதிலிருந்து இப்படி? ஒரு கிழமையாகப் பிள்ளை பக்கத்திலேயே படுத்தாளே. ஒருநாளாவது உஷாந்தி அந்த மூக்கடியில் கை வைத்துப் பார்த்தாளா?

குனிந்தாள். கதவுக்கும் நிலத்துக்கும் இடையிலிருந்த நீக்கலால் நாலு சின்ன விரல்கள் உள்ளே வந்திருந்தன, பம்பை வாங்க நீட்டிய மாதிரி. நகங்கள் நீலம். அசையவில்லை.

இடுப்பில் இருந்தது இரண்டு கையாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முதுகில் மெல்லத் தட்டிக் கொடுத்தது.

"அழாதேங்கோ அம்மா," என்று காதோடு வாயை வைத்துச் சொன்னது.

காதில் காற்றுப் படவில்லை.